நாலு மேலே, மூணு வலது

என் நாத்தனார் வெர்னாவுக்கு அந்தக் கைத்துப்பாக்கியை நான் விற்றது நல்லெண்ணத்தால் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஆர்லீன் தங்கமான மனசுக்காரி, சொந்தத் துப்பாக்கியையே தூக்கிக் கொடுத்தாள்" என்று எங்கள் சங்கத்தில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பொய் சொல்லும் துப்பாக்கி. நடுவில் குறி வைத்தால் இடப்பக்கம் கீழே போடும். பத்தொன்பது வருஷம் அதோடு மல்லுக்கட்டியவள் நான். அதை வெர்னா கையில் கொடுத்தால் நாலே ஞாயிற்றுக்கிழமையில் வெறுத்துப்போய் வீட்டோடு இருந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டுத்தான் கொடுத்தேன்.

வெர்னா என் கணவன் எமிலின் தங்கை. ஃப்ளோரிடாவில் முப்பது வருஷம் இருந்தாள். புருஷனை விவாகரத்து செய்துவிட்டு, ஐம்பத்தெட்டு வயதில் எங்கள் பென்சில்வேனியா ஊருக்கே திரும்பி வந்தாள். அவள் வந்த நாளிலிருந்து எமிலைக் கையில் பிடிக்க முடியவில்லை. வெர்னிக்கு அடுப்பு மாற்ற வேண்டும், வெர்னி வீட்டு வாசலில் பனி தள்ள வேண்டும். வெர்னியாம். முப்பத்து நாலு வருஷமாக அவனோடு குடித்தனம் நடத்துகிறேன், என் பெயரை அவன் ஒரு எழுத்துகூடச் செல்லமாகச் சுருக்கியதில்லை. அந்தக் குளிர்காலம் எங்கள் வீட்டு வாசல் பனியை நான்தான் தள்ளினேன்.

அதோடு நின்றாளா? சங்கத்துக்கும் வந்தாள்.

கோல்டர் ஓடைத் துப்பாக்கிச் சங்கம் என்பது சிமெண்டுக் கல்லில் கட்டிய ஒரு நீளக் கட்டிடம். கீழே சுடும் இடம், மேலே கூடம். அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயத்தில் பூசை முடிந்ததும் எல்லோரும் அங்கேதான். ஐம்பது அடி தூரத்தில் தாள், ஆளுக்கு முப்பது குண்டு, முந்நூறு மதிப்பெண். பருவ முடிவில் மாவட்டப் போட்டிக்கு நால்வர் போவார்கள். ஸ்டஷ் பாவ்லிக், எங்கள் தலைவர், எழுபத்து நாலு வயது. கார்ல் ஹென்ஸ்லர், குழாய் வேலை பார்ப்பவன். எமில். நாலாவது நான். பதினோரு வருஷமாக அந்த நாலாவது இடம் என்னுடையது. பேரப்பிள்ளை கிடையாது, இறைச்சிக் கடை வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றாயிற்று. ஊரில் என் பெயர் சொல்லும்படி இருந்தது அந்த இடம் ஒன்றுதான்.

வெர்னா வந்த முதல் ஞாயிறு, கூடத்தில் கோஸ் போட்டு வதக்கிய நூடுல்ஸைத் தட்டில் வைத்துக்கொண்டு, அவளுக்கு எந்தத் துப்பாக்கி சரிப்படும் என்று எல்லோரும் பட்டிமன்றம் நடத்தினார்கள்.

"ரிவால்வர் வாங்கு," என்றார் ஸ்டஷ். "உருளையைத் திறந்தா ஆறு குண்டும் கண்ணுக்குத் தெரியும். ஒளிவு மறைவு கிடையாது. ஆறு போதாதுன்னு எவனாவது சொன்னா, முதல் ஆறை எங்கே விட்டேன்னு கேளு."

"வாங்கு, வாங்கு," என்றான் கார்ல். "நீ அடுத்த ஆறைப் போட்டு முடிக்கறதுக்குள்ள நாங்க சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்துடறோம். நான் சொல்றேன், பெரிய குண்டு போடற நாப்பத்தஞ்சு எடு. சுட்டா சுட்டோம்னு தோள்பட்டை வரைக்கும் தெரியணும். இவங்க வச்சிருக்கிற சின்னக் குண்டு, இருபத்திரண்டெல்லாம் பட்டாணி துப்புறது."

"தோள்பட்டை தெரியுது, தாள்ல ஓட்டைதான் தெரியலை," என்றேன் நான். கார்லுக்கு முகம் சிவந்தது. "வெர்னா, இவங்க பேச்சை விடு. இருபத்திரண்டுதான். குழல் நீளமா இருக்கணும், மூக்குப் பக்கம் கனக்கணும். அப்பதான் கை ஆடாது. பிடி வால்நட் மரத்துல இருக்கணும், பிளாஸ்டிக் வேர்வையில வழுக்கும். விசை இருக்கே, அது இழுக்கறதே தெரியாம விழணும்."

அப்போதுதான் நான் புதுசு ஒன்று வாங்கியிருந்தேன். ஐரோப்பாவிலிருந்து வந்தது. பிடியை என் கை அளவுக்கே செதுக்கி அனுப்பியிருந்தார்கள். மேலே சிவப்புப் புள்ளி தெரியும் கண்ணாடி. மூச்சுக்காற்றுப் பட்டால் விசை விழும். அதை எடுத்து மேசையில் வைத்தேன், எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான்.

வெர்னா வாயில் நூடுல்ஸோடு தலையாட்டினாள். "எனக்கு எதுவா இருந்தாலும் சரி. தாள்ல ஓட்டை விழுந்தா போதும்."

எமில் சிரித்தான். "அப்பாவும் இதையேதான் சொல்வாரு. ஞாபகம் இருக்கா வெர்னி, களஞ்சியத்துக்குப் பின்னால டப்பா அடுக்கி வச்சு நாம சுட்டது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதுவாக இருந்தாலும் சரியாம். நாங்கள் இருபது வருஷமாக மண்டையை உடைத்துக்கொள்வது இவளுக்கு டப்பா விளையாட்டு. அந்த நிமிஷத்தில்தான் சொன்னேன், "என் பழசு சும்மாதான் கிடக்கு. முந்நூறு டாலர் கொடு, எடுத்துக்கோ." சொல்லும்போது சிரித்தேன் வேறு.

அந்தப் பழசைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குழலின் மேலே பின்பக்கம் குறி பார்க்கும் சின்னப் பள்ளம் ஒன்று இருக்கும். அதை நகர்த்த இரண்டு திருகாணி, ஒன்று மேலும் கீழும், ஒன்று இடமும் வலமும். திருகினால் டிக் டிக் என்று விழும், ஒவ்வொரு டிக்குக்கும் குண்டு விழும் இடம் கொஞ்சம் நகரும். அந்தச் சனியன் இடது கீழே போடப் போட, நான் மேலே ஒரு டிக், வலப்பக்கம் ஒரு டிக் என்று வருஷக்கணக்காகத் திருகிக்கொண்டே வந்தேன். கொஞ்ச மாதம் நடுவில் விழும். அப்புறம் மறுபடி இறங்கும். மறுபடி திருகுவேன். திருகாணியை அப்படியே விட்டுத்தான் வெர்னாவிடம் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு அவள் முதல் பத்துக் குண்டு சுட்டாள். தாள் கம்பியில் ஓடி வந்து நின்றது. நடுவில் ஒன்றுகூட இல்லை. பத்தும் வலப்பக்கம் மேலே, ஒரே இடத்தில் மொய்த்துக் கிடந்தன.

எனக்கு மனசு குளிர்ந்தது. "பரவாயில்லை வெர்னா, புதுசுதானே," என்றேன்.

ஸ்டஷ் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அப்புறம் காப்பி எடுத்து வருகிறேன் என்று கிளம்பினார், கையில் காப்பிக் கோப்பை இருக்கும்போதே. எமில் தன் கோப்பையை அந்தப் பத்து ஓட்டைகள் மேல் வைத்துப் பார்த்தான். பத்தும் மறைந்தன.

அந்தத் தாளை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில், பூசணிக்காய்க் காந்தத்தை வைத்து ஒட்டினான். என் ஃப்ரிட்ஜ். என் காந்தம். பதினோரு வருஷத்தில் என் தாள் ஒன்று அந்தக் கதவில் ஏறியதில்லை.

"நடுவுல ஒண்ணுகூட விழலை. இதை எதுக்கு ஒட்டறே?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஒரே இடத்துல இருக்கே," என்றான்.

அதற்கடுத்த ஞாயிறு அவளுடைய ஓட்டைகள் நடுவுக்கு வந்துவிட்டன. இருநூற்று அறுபத்தெட்டு. அடுத்த வாரம் இருநூற்று எழுபத்தொன்று. என்னுடைய ஐரோப்பாக்காரனை வைத்துக்கொண்டு நானும் அதே அறுபதுகளில்தான் இருந்தேன், புதுசு வாங்குவதற்கு முன்னால் இருந்த அதே இடத்தில். எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்தொன்பது வருஷம் எனக்கு வஞ்சகம் செய்த துப்பாக்கி அவளுக்கு மட்டும் எப்படி உண்மையாக இருக்கிறது? யாரோ அதைச் சரிசெய்து கொடுத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, வீட்டிலேயே இருக்கிறானே.

"ஸ்பிரிங் மாத்திக் கொடுத்தியா?" என்று எமிலைக் கேட்டேன்.

"இல்லை."

"விசையைத் தேய்ச்சியா?"

"நான் அதைத் தொடக்கூட இல்லை, ஆர்லீன்."

"அப்புறம் எப்படிச் சுடறா?"

அவன் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே துடைத்த தட்டை எடுத்து மறுபடி துடைத்தான். "கேக்கறியா, இல்லை திட்டறியா?" என்றான்.

"திட்டறேன்," என்றேன்.

"சரி," என்று சொல்லித் தட்டை அடுக்கில் வைத்தான்.

அதற்குமேல் அவன் சொல்லமாட்டான் என்று எனக்குத் தெரியும். எங்கள் சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு. சுடுமிடத்துச் சுவரில் பலகையாகவே மாட்டியிருக்கிறது. கேட்காதவருக்கு யோசனை சொல்லக் கூடாது. கொட்டை எழுத்தில், சிவப்புச் சாயத்தில். அதை எழுதியது நான்தான். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் இந்தக் கார்ல் என் பின்னால் நின்றுகொண்டு, "விசையை நீ..." என்று ஏதோ ஆரம்பித்தான். அவன் வாயை அங்கேயே அடைத்துவிட்டு, ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று தீர்மானம் கொண்டுவந்தேன். வசந்த காலத்தில் புதுப் பெண்களுக்குச் சுடக் கற்றுக்கொடுப்பவள் நான். எனக்கு ஒரு குழாய்க்காரன் பாடம் எடுப்பதா? தீர்மானம் நிறைவேறியது. அன்றிலிருந்து ஒருத்தரும் என் பக்கம் வாயைத் திறந்ததில்லை.

பிப்ரவரிக் கடைசியில் ஸ்டஷ் பருவம் முழுவதற்கும் சராசரி போட்டார். நாலாவது இடத்துக்கு நானும் வெர்னாவும் சமம். புள்ளி வித்தியாசம்கூட இல்லை. இப்படி வந்தால் எங்கள் சங்கத்தில் ஒரே வழிதான். இரண்டு பேரும் ஒரே துப்பாக்கியால் சுட வேண்டும், தோற்றவர் துப்பாக்கியைக் குறை சொல்லக் கூடாது என்பதற்காக. எந்தத் துப்பாக்கி என்று சொல்லும் உரிமை ஏற்கெனவே இடத்தில் இருப்பவருக்கு.

"உன் புதுசுதானே?" என்று ஸ்டஷ் பேனாவைத் திறந்தார்.

"இல்லை. வெர்னா கையில இருக்கே, அது."

வெர்னா தலையை நிமிர்த்தினாள். "அதுவா?"

"ஏன், நான் தொடக்கூடாதா?"

"தாராளமா தொடு. உன்னோடதுதானே அது."

எமில் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்தான். மெதுவாகச் சொன்னான், "உன் புதுசை எடுத்துக்கோயேன், ஆர்லீன்."

"ஏன், தங்கச்சி தோத்துடுவான்னு பயமா இருக்கா?"

அவன் நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு போனான். எனக்கு உள்ளுக்குள்ளே ஒரே கொண்டாட்டம். ஜெயிப்பது அவள் அல்ல, அந்தத் துப்பாக்கி. இப்போது யாரோ அதைச் சரிசெய்துவிட்டார்கள். சரியான துப்பாக்கி என் கைக்கு வந்தால் என்ன ஆகும் என்று எல்லோரும் பார்க்கத்தானே போகிறார்கள்.

மார்ச் முதல் ஞாயிறு. கூடத்தில் கீல்பாசா சாசேஜ் வேகும் வாசனை கீழே வரைக்கும் வந்தது. வெர்னா முதலில் சுட்டாள். என்ன சொல்வது, அவள் நிற்பதே எனக்குப் பிடிக்காது, பேருந்துக்குக் காத்திருப்பவள் நிற்பதைப் போல ஒரு நிற்பு. முப்பது குண்டு, இருநூற்று எழுபத்தாறு. குண்டு அடுக்கும் உறையைக் கழற்றி, துப்பாக்கியைத் திறந்தபடி மேசையில் வைத்துவிட்டு எனக்கு வழிவிட்டாள்.

நான் எடுத்தேன். பழைய வால்நட் பிடி. என் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து வழவழப்பான இடம் அப்படியே இருந்தது. கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தேன், பொய் சொல்வானேன்.

முதலில் பத்துக் குண்டு பழகிக்கொள்ள. அது கணக்கில் சேராது. சுட்டேன். தாள் ஓடி வந்தது.

இடப்பக்கம். கீழே. பத்தும்.

துப்பாக்கியைத் திறந்து கீழே வைத்தேன். காதுமூடியைக் கழற்றினேன். என் குரல் எனக்கே கேட்கும் அளவுக்கு எழும்பியது. "இதுல யாரோ கை வச்சிருக்காங்க. வெர்னா, குறியை மாத்தினியா நீ?"

"மாத்தினேன்," என்றாள்.

"பாத்தீங்களா? கேட்டீங்களா எல்லாரும்? நான் சுடறதுக்கு முன்னாடி குறியைக் கலைச்சிருக்கா."

"இன்னிக்கு இல்லை, ஆர்லீன். வாங்கின முதல் வாரமே மாத்தினேன்."

"எந்தப் பக்கம்? சொல்லு. ஸ்டஷுக்குக் கேக்கற மாதிரி சொல்லு."

வெர்னா தயங்கினாள். ஒரு தடவை எமிலைப் பார்த்தாள். "வேண்டாமே," என்றாள்.

"சொல்லுன்னு கேக்கறேன்ல?"

"கீழே நாலு டிக். இடப்பக்கம் மூணு. எனக்கு எல்லாம் மேல, வலப்பக்கமா போச்சு. அதனால நடுவுக்குக் கொண்டுவந்தேன். அவ்வளவுதான்."

கார்ல் தன் காலணியைப் பார்த்தான். ஸ்டஷ் தாடையைச் சொறிந்தார். யாரும் எனக்கு விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் முதல் வகுப்பில் புதுப் பெண்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் இது. வலது கைக்காரியா நீ? குண்டு இடது கீழே போகிறதா? துப்பாக்கியைத் திட்டாதே. வெடிக்கப்போகிறது என்று பயந்து, வெடிப்பதற்கு முன்பே கை குனிகிறது. விசையை அழுத்தாமல் பிடுங்குகிறாய். தப்பு கையில். இதைச் சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பேன், அவர்கள் முகம் சுருங்குவதைப் பார்க்க.

அந்த ஐரோப்பாக்காரனிலும் சிவப்புப் புள்ளியை மேலே வலப்பக்கம் தள்ளித்தான் வைத்திருக்கிறேன். இந்தப் பழசுக்கு முன்னால் ஒரு மலிவானது வைத்திருந்தேன். அதிலும் அப்படியேதான். மூன்று துப்பாக்கியும் பேசி வைத்துக்கொண்டு ஒரே பொய்யைச் சொல்லுமா? தொண்டை கிழியக் கத்தி, நானே எல்லோர் முன்னாலும் என் மூக்கை உடைத்துக்கொண்டேன்.

வெர்னா துப்பாக்கிப் பெட்டியை என் பக்கம் தள்ளினாள். மூடியின் உட்புறம் ஒரு வெள்ளைப் பட்டை ஒட்டியிருந்தது. அவள் கையெழுத்தில், 'ஆர்லீன்: நாலு மேலே, மூணு வலது.'

"இது எதுக்கு?" என்றேன்.

"என்னைக்காவது நீ திருப்பிக் கேப்பேன்னு நினைச்சேன். கேட்டா உன்னோட மாதிரியே வச்சுக் கொடுக்கணும்ல."

இந்தக் கடைசி வார்த்தை இருக்கிறதே, அவள் என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. அவள் என்னைவிட நன்றாகச் சுடுவதைப் பொறுத்தேன். எமில் அவளைச் செல்லமாகக் கூப்பிடுவதையும் பொறுத்தேன். என்னைவிட நல்லவளாகவும் இருப்பாள் என்றால் நான் எங்கே போவது?

"திருகிக்கலாம், சட்டம் இடம் கொடுக்குது," என்றார் ஸ்டஷ். "இப்பவே பண்ணிடு. கணக்குக் குண்டு ஆரம்பிச்சப்புறம் திருகாணியைத் தொடக்கூடாது."

நான் திருப்புளியைத் தேடவில்லை. என் பையைத் திறந்தேன். வகுப்புக்கு எடுத்துப்போகும் சின்ன டப்பா அதில் இருந்தது. சுவரில் திருகாணி ஏற்றுவதற்கு முன்னால் ஓட்டையில் செருகுவோமே, மஞ்சள் பிளாஸ்டிக் கட்டை, அது. இருபத்திரண்டு குண்டின் அளவுதான் இருக்கும். குண்டுக்குப் பதிலாக அதைப் போட்டுக் கொடுத்தால் வெடிக்காது. சுடுபவளுக்கு எது உள்ளே இருக்கிறது என்று தெரியாது. அவள் கை என்ன செய்கிறது என்பது மட்டும் தெரிந்துவிடும். எத்தனை பெண்களை இதை வைத்து அழவைத்திருக்கிறேன்.

டப்பாவை வெர்னாவிடம் நீட்டினேன். "போட்டுக் கொடு. எதுன்னு சொல்லாதே."

"ஆர்லீன், வேண்டாம்."

"போடு."

அவள் திரும்பி நின்று போட்டுக் கொடுத்தாள். வாங்கிக் குறி வைத்தேன். வெடித்தது. மறுபடி கொடுத்தாள். வெடித்தது. மூன்றாவது தடவை விசை விழுந்தது, சத்தம் இல்லை. குழலின் மூக்கு மட்டும் இடப்பக்கமாகக் கீழே குனிந்து எழுந்தது. எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், முதல் தடவையாக.

இதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? திருப்புளியை வாங்கி, பட்டையில் எழுதியிருந்ததைப் பார்த்துத் திருகினேன். மேலே நாலு. வலப்பக்கம் மூன்று. ஒவ்வொரு டிக்கும் அந்தக் கட்டிடம் முழுக்கக் கேட்டது. என் கைக்கு ஏற்ற பொய்யைத் துப்பாக்கிக்கு மறுபடி சொல்லிக்கொடுத்தாயிற்று. இனி எப்போதும் போலச் சுட்டால் போதும். எழுபத்தாறைத் தாண்ட எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது.

"கணக்குக் குண்டு," என்றார் ஸ்டஷ்.

முதல் குண்டை மெதுவாக அழுத்தினேன். வேண்டுமென்று இல்லை. அந்த மூக்குக் குனிந்தது கண்ணிலேயே நின்றது, விரல் தானாகவே அடங்கிப்போயிற்று. தூரக்கண்ணாடியில் பார்த்தேன். வலப்பக்கம் மேலே, ஏழாம் வளையத்தில். இரண்டாவது, அதன் பக்கத்திலேயே. மூன்றாவது, இரண்டுக்கும் நடுவில்.

எனக்குப் புரிந்துவிட்டது. கை நேராகிவிட்டது, குறிதான் இப்போது கோணல். திருகாணியைத் தொடக்கூடாது. ஆனால் வேறு வழி இருந்தது, பத்தொன்பது வருஷமாகத் தெரிந்த வழி. விசையைப் பிடுங்கினால் போதும். கொஞ்சம் பயந்து, கொஞ்சம் குனிந்தால் எல்லாம் கீழே இறங்கி நடுவுக்கு வந்துவிடும். இன்னும் இருபத்தேழு குண்டு பாக்கி. இடம் என்னுடையதாகவே இருக்கும். மாவட்டப் போட்டிக்கு நான் போவேன், அவள் வீட்டில் இருப்பாள்.

திரும்பிப் பார்த்தேன். எமில் காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தூரக்கண்ணாடியில் என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். வெர்னாவின் முதல் தாளை அன்றைக்குப் பார்த்தானே, அதே பார்வை.

எனக்கு ஞானம் ஒன்றும் பிறக்கவில்லை. பொறாமைதான். நாலாவது இடம் எனக்குத் திடீரென்று வேண்டாமல் போயிற்று. ஒரே இடத்தில் மொய்க்கும் அந்த ஓட்டைகள் வேண்டும். என் வீட்டு ஃப்ரிட்ஜில் அவளுடையது இருக்கிறது, என்னுடையது இல்லை. பிடுங்கவில்லை. இருபத்தேழையும் அழுத்தியே சுட்டேன், வகுப்பில் அந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் போலவே. ஒவ்வொன்றும் வெடிக்கும்போது எனக்கே திடுக்கிட்டது. அப்படித்தான் திடுக்கிட வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஸ்டஷ் மூன்று தாள்களையும் மேசையில் போட்டுக் கூட்டினார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை கூட்டினார். "இருநூத்து இருபத்தொம்பது," என்றார். எங்கள் சங்கத்தில் அது புதுசாக வருகிறவர்கள் எடுக்கும் எண். பதினோரு வருஷத்தில் நான் அவ்வளவு கீழே போனதில்லை. "நாலாவது இடம் வெர்னாவுக்கு."

யாரும் கை தட்டவில்லை. கார்ல் முதலில் ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சுவரில் இருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். வெர்னாவின் கண் கலங்கியிருந்தது. அவள் என் கையைப் பிடிக்க வந்தாள். நான் துப்பாக்கியைத் துடைக்கிற சாக்கில் கையை இழுத்துக்கொண்டேன். அவ்வளவு சீக்கிரம் என்னால் முடியாது.

எமில் மேசைக்கு வந்தான். கோப்பையில் மிச்சமிருந்த காப்பியை ஒரே மடக்கில் குடித்தான். கோப்பையை முதல் தாளில் வைத்தான். பத்து ஓட்டையும் மறைந்தன. இரண்டாவது தாளில் வைத்தான், மறைந்தன. மூன்றாவதில் ஒன்று மட்டும் விளிம்பில் எட்டிப் பார்த்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் வண்டி பாதி தூரம் வந்துவிட்டது.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?" என்றேன் கடைசியில்.

"முதல் வருஷத்துலேர்ந்து."

"பத்தொம்பது வருஷம். பக்கத்துலேயே படுத்து எந்திரிச்சு, ஒரு வார்த்தை சொல்லலை."

"பலகையை மாட்டினது யாரு?"

"அதுக்கு முன்னாடி எட்டு வருஷம் இருந்துதே?"

அவன் வண்டியை வளைவில் திருப்பினான். "அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை சொன்னேன். முதல் தடவை ஒரு வாரம் பேசலை நீ. ரெண்டாவது தடவை எங்கம்மா வீட்டுக்குப் போய் என்னைத் திட்டிட்டு வந்தே."

எனக்கு அது நினைவிலேயே இல்லை. இருந்திருக்கும். அவன் பொய் சொல்லமாட்டான்.

வீட்டுக்குள் போனதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஃப்ரிட்ஜ் முன்னால் போய் நின்றேன். வெர்னாவின் தாள் அங்கேயே இருந்தது, அக்டோபரிலிருந்து, ஓரம் சுருண்டு. என் மூன்று தாள்களில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்தேன். அதிலும் ஓட்டைகள் அதே வலப்பக்கம், அதே மேல்மூலை. பூசணிக்காய்க் காந்தத்தைக் கழற்றி, அவள் தாளின் மேல் என்னுடையதை வைத்து ஒட்டினேன். அவள் ஓட்டைகளும் என் ஓட்டைகளும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தன. அவளுடையதைவிட என்னுடைய கூட்டம் கொஞ்சம் சின்னது.

"எமில்," என்றேன். "கோப்பையைக் கொண்டா. அளந்து பாரு."

"அளந்தாச்சே, ஆர்லீன்."

"அவளோடதையும் சேர்த்து அள."